காதுக்குப் பின்னால் உள்ள நிறம்

முகமும் கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். கல்யாணப்பெண் இசக்கிசெல்வி கேட்டது அவ்வளவுதான். இதிலென்ன கஷ்டம் இருக்கிறது என்று பெனிட்டா நினைத்தாள். நினைக்கத்தான் செய்வாள், அதுதானே அவளுடைய முதல் மணப்பெண் அலங்காரம்!

இசக்கிசெல்வி அப்படிக் கேட்டதற்கும் காரணம் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு அலங்காரம் செய்ய எங்கிருந்தோ காரில் ஒரு அம்மா வந்து இறங்கினார். பெட்டி பெட்டியாய்ச் சாமான். பெண்ணின் தாய் சங்கரம்மாள் அவர் காதருகே போய், "ரெண்டு ஷேடு கூட்டிப் போடுங்க" என்று சொல்லிவைத்தாள். அந்த அம்மா தாராள மனசுக்காரர் போலிருக்கிறது, நாலு ஷேடு கூட்டிவிட்டார். முகம் பால்கோவா நிறத்தில் இருந்தது. கழுத்துக்குக் கீழே செல்வி செல்வியாகவே இருந்தாள். சிவகிரியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பொடிசுகளில் ஒன்று மேடையேறி வந்து, "அக்கா, ஒங்க கைய எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டது. சபையே சிரித்தது. மாப்பிள்ளை லிங்கேஷும் சிரித்தான். அன்றைக்கு அவள் முகத்தைக் கழுவியதில் பாதி தண்ணீர், பாதி கண்ணீர்.

அதனால் கல்யாணத்துக்கு அவளே ஆளைப் பிடித்தாள். பெனிட்டா அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சீனியர். தேரடிப் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஜெயசிங்கின் மகள். செல்போன் கடை வேலையை உதறிவிட்டுத் திருநெல்வேலி போய் அழகுக்கலை படித்துவிட்டு வந்தவள். வந்து என்ன? அத்தைமாருக்கும் சித்திமாருக்கும் கொண்டை போடவும் சேலைக்கு மடிப்பு எடுக்கவும்தான் கூப்பிட்டார்கள். மணப்பெண் என்று வந்துவிட்டால் காரில் வருகிறவர்கள்தான் வேண்டும் என்பது சங்கரன்கோவிலில் எழுதாத சட்டம்.

ஜெயசிங் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஒரே ஒரு பொண்ணுக்குப் போட்டுக் காட்டு மக்கா. அதைப் பாத்துட்டு அடுத்த ஆளு தானா வந்து எனக்கும் போட்டுவிடுன்னு கேக்கணும். நீ போய்க் கேக்கக் கூடாது, நானும் சொல்லிவிட மாட்டேன். அப்படி ஒருத்தி வந்துட்டாள்னா கடையில முன்பாதிய ஒனக்குத் தடுத்துத் தாரேன். வரலைன்னா கல்லாவுல வந்து உக்காரு."

வளையலும் கிளிப்பும் விற்றுக்கொண்டு கல்லாவில் உட்காரப் பெனிட்டாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. அந்த முன்பாதியில் கண்ணாடி எங்கே, நாற்காலி எங்கே என்று மனசுக்குள் அவள் குடியேறியே விட்டாள்.

ஒத்திகை பார்க்கச் செல்வி வீட்டுக்குப் போன அன்று எல்லாம் படித்தபடி செய்தாள். தோல் கறுப்பா மாநிறமா என்பது மேலே தெரிவது. அதற்கு அடியில் ஒரு சாயல் ஓடும், அதற்கு அண்டர்டோன் என்று பெயர். சிலருக்கு அது பொன் சாயல், சிலருக்கு ரோஜாச் சாயல். அதைக் கண்டுபிடித்துப் பூசினால் பூசியதே தெரியாது. கண்டுபிடிக்காமல் பூசினால் ஊருக்கே தெரியும். மணிக்கட்டைத் திருப்பி நரம்பைப் பார்க்க வேண்டும். பச்சையாய்த் தெரிந்தால் பொன் சாயல், நீலமாய்த் தெரிந்தால் ரோஜாச் சாயல்.

செல்வியின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நரம்பு பச்சைப்பசேல் என்றிருந்தது. தங்கச் சங்கிலியை வைத்துப் பார்த்தாள், தங்கம் எடுப்பாகத் தெரிந்தது. "ஒனக்குப் பொன் சாயல்தாம் செல்வி, கொஞ்சங்கூட சந்தேகமே இல்ல" என்று அடித்துச் சொன்னாள். பொன் கலந்த ஃபவுண்டேஷன் பூச்சு, செங்கல் நிற லிப்ஸ்டிக், கண்ணுக்குச் செம்பு நிறம் என்று எல்லாம் முடிவாயிற்று. பூசியும் பார்த்தாள். முகமும் கையும் அப்படிப் பொருந்தின. செல்வி கண்ணாடியைக் கட்டிப்பிடிக்காத குறை.

சங்கரம்மாள் மட்டும் வாசல்வரை கூடவே வந்தாள். "எல்லாஞ் சரிதான் மக்கா. ரெண்டே ரெண்டு ஷேடு கூட்டிப் போட்டுரு. அவ சின்னப்பிள்ள, வெவரம் தெரியாமப் பேசுதா."

"பாப்போம் அத்தை" என்று நழுவிய பெனிட்டா, செருப்பை மாட்டியபடி, எல்லா மணப்பெண்ணுக்கும் சொல்ல வேண்டியது என்று வகுப்பில் படித்ததை உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். "செல்வி, இன்னியோட மஞ்சளை நிறுத்திரு, என்னா? மஞ்சள் கெடந்தா மேக்கப் ஒட்டாது. நலங்குக்குக்கூட காலோட நிறுத்திக்கோ."

"சரிக்கா" என்றாள் செல்வி. சொன்ன சொல் மாறாத பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று.

கல்யாணம் ராஜபாளையம் ரோட்டு மண்டபத்தில். விடிந்து வெளிச்சம் பரவும்போதே பெனிட்டா வந்துவிட்டாள். மணப்பெண் அறை என்று ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மண்டபம் கட்டுகிறவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு அத்தனை ஜன்னல் வைக்கிறார்கள். பெண்ணைச் சிங்காரிக்கிற அறைக்கு மட்டும் ஒரு மூலையில் ஒரே ஒரு ஜன்னல், அதையும் பீரோவை வைத்து மறைத்துவிடுகிறார்கள். இருந்தது ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் ஜெபம் செய்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். எல்லாம் பாந்தமாக வந்தது. பாதி முகம் முடிந்ததும் எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று செல்வியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

பகல் வெளிச்சத்தில் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

பூசிய பாதி ஆரஞ்சாய் இருந்தது. லேசாகச் சிவந்திருக்கிறது என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று மாதிரி இருந்தது. செல்வி கையை உயர்த்தித் தன் கன்னத்தோடு வைத்து, செல்போன் கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, மறுபடியுமா?"

அந்த ஒரு வார்த்தை பெனிட்டாவைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அழாத, அழாத, கண் வீங்கிரும் என்று செல்வியிடம் சொன்னாள். அவள் குரலே அழுகிற குரலாகத்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா முருகம்மாள் வர வேண்டும்! சங்கரம்மாளின் தங்கை. காரில் வந்த அந்த அம்மாவை ஏற்பாடு செய்த புண்ணியவதி இவள்தான். காப்பி டம்ளரோடு வந்தவள் செல்வியின் முகத்தைப் பார்த்ததும் மோவாயில் கைவைத்தாள்.

"என்னட்டி இது, பெயிண்டா? நான் தலபாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டாளா எங்கக்கா! இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. அந்த மேடத்துக்கு ஒரு போன் போட்டா, கார எடுத்துட்டு வந்து எறங்கிருவாவ."

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"நீ பாத்துக்கிட்டதத்தான் நானும் பாத்துக்கிட்டு நிக்கேன்."

பெனிட்டா செல்வியை உள்ளே கூட்டிவந்து பஞ்சை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தெடுத்தாள். பிறகு முருகம்மாளையே கூப்பிட்டு, "அக்கா, இந்தப் பீரோவ ஒரு கை பிடிங்க" என்றாள். முருகம்மாள் வாய் ஒரு பக்கம் திட்டிக்கொண்டிருக்க, கை பீரோவைத் தள்ளியது. அவள் அப்படித்தான், வாய்தான் அப்படி. ஜன்னல் திறந்தது. வெளிச்சம் வந்து செல்வியின் மணிக்கட்டில் விழுந்தது.

நரம்பு நீலமாக இருந்தது.

அன்றைக்குப் பச்சை, இன்றைக்கு நீலம்! மனுஷிக்கு நரம்பு நிறம் மாறுமா? பெனிட்டாவுக்கு ஏதோ பிடிபட்டது. செல்வியின் காதை மடக்கிப் பின்னால் பார்த்தாள். அங்கேயும் ரோஜாச் சாயல்தான், நல்ல கருங்காப்பிச் சிவப்பு.

"செல்வி, நான் ஒத்திகை பாக்க வந்தேன்லா, அன்னைக்கு மஞ்சள் தேச்சிக் குளிச்சிருந்தியா?"

"தெனமும்தான் தேச்சிக் குளிப்பேன். வயசுக்கு வந்ததுலேருந்து தேய்க்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதப் போயி யாராவது சொல்லுவாவளா? குளிச்சியா, பல்லு தேச்சியான்னு நீங்களும் கேக்கலியே!"

நியாயம்தான். சங்கரம்மாள் வீட்டில் மஞ்சள் பூசுவதும் மூச்சு விடுவதும் ஒன்று. பெனிட்டா வீட்டில் மஞ்சள் என்றால் குழம்புக்கு, அதோடு சரி. அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, இவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. நீல நரம்பின் மேல் மஞ்சள் கிடந்தால் பச்சையாகத்தான் தெரியும்; மஞ்சளை நிறுத்தி நாளானதும் நீலம் வெளியே வந்துவிட்டது. சின்ன வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால்கூடச் சொல்லும், நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று. திருநெல்வேலிக்குப் போய்ப் படித்த புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ! காதுக்குப் பின்னால் யாரும் மஞ்சள் தேய்ப்பதில்லை. அங்கே பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"அப்ப ஒண்ணு செய்யி" என்றாள் முருகம்மாள். "ஒரு கை மஞ்சள அள்ளி மறுபடியும் பூசிவிட்டுரு. அன்னைக்கு உள்ள மாதிரி ஆயிரும்லா?"

செல்விக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பெனிட்டா சிரிக்கவில்லை. கொண்டுவந்த பெட்டி முழுக்கப் பொன் சாயல். போய் வாங்கலாம் என்றால் இந்த நேரத்துக்குக் கடை திறந்திருக்காது. அப்பா கடை சாவி இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பதெல்லாம் ரோஸ் பவுடரும் சாந்தும்தான். ஆரஞ்சை அடக்க வேண்டும். ஆரஞ்சை அடக்குவது எது?

"நீலம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "கொஞ்சம் நீலம் இருந்தாப் போதும்."

சொல்லி முடிப்பதற்குள் முருகம்மாள் வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தது சொட்டு நீலம். சமையல்கட்டுக்குப் பின்னால் வேட்டி அலசுகிற இடத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"ஏ அக்கா! இது பிள்ளையோட மூஞ்சி, மாமா வேட்டி இல்ல!"

"நீதானட்டி நீலம்னு கேட்ட? ஒதவிக்கு வந்தவளப் போயி..."

சண்டை போட நேரமில்லை. பெனிட்டா பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். அடியில் கிடந்தது ஒரு கண் வண்ணப் பெட்டி. அப்பா கடையில் வருஷக்கணக்காய் விலைபோகாமல் கிடந்து, 'இங்கன எவ நீலத்தப் பூசிக்கிட்டு அலைவா, நீயாவது வச்சிக்கோ' என்று அவர் இவள் தலையில் கட்டியது. மற்ற வண்ணமெல்லாம் தீர்ந்திருந்தது. நீலம் மட்டும் கைபடாமல் அப்படியே இருந்தது.

ஊசியின் முனையால் அதைச் சுரண்டினாள். பொன் ஃபவுண்டேஷனில் கொட்டிக் குழைத்தாள். அவசரத்தில் கொஞ்சம் கூடிப்போயிற்று. செல்வியின் காதுக்குப் பின்னால் தொட்டு வைத்துப் பார்த்தால் அடுப்புச் சாம்பல். துடைத்தாள். மறுபடி குழைத்தாள், இந்த முறை ஊசிமுனையில் ஒட்டியது மட்டும். தொட்டு வைத்தாள். இன்னும் ஆரஞ்சு கொஞ்சம் மிஞ்சியது. ஒரு துணுக்கு நீலம் கூட்டினாள். மூன்றாவது முறை தொட்டு வைத்த இடத்தைக் காணவில்லை. எங்கே தொட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆண்டவரே!" என்றாள் பெனிட்டா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்கப்புறம் கை தானாக ஓடியது. செங்கல் நிற லிப்ஸ்டிக்கைத் தூக்கி மூலையில் போட்டாள். அரக்குப் பட்டுக்கு ஏற்ற மாதிரி அரக்குப் பென்சிலை உதட்டில் தேய்த்து, அதிலேயே ஒரு பொட்டு எடுத்துக் கன்னத்தில் தட்டினாள். கண்ணுக்கு மையே போதும் என்று விட்டுவிட்டாள். பிச்சிப்பூவை முருகம்மாளே வைத்துவிட்டாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே.

எல்லாம் முடிந்து செல்வியைக் கண்ணாடி முன்னால் நிறுத்திய சமயம் சங்கரம்மாள் உள்ளே வந்தாள். மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னட்டி, இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா? தாலி கட்டுற நேரம் வரப்போவுது!"

"முடிஞ்சிட்டு அத்தை."

"எங்க முடிஞ்சிட்டு? குளிச்சிட்டு வந்த பிள்ள மாதிரில்லா இருக்கா! ரெண்டு ஷேடு கூட்டச் சொன்னேன்லா மக்கா? அத்தன பேரு வந்திருக்காவ, என் மானத்த வாங்கிராத."

"எம்மா, இங்க பாரு." செல்வி தன் உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையைக் கன்னத்தோடு ஒட்டிவைத்தாள். கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இது நான்தாம்மா. நான் இப்படியே போறேன்."

மேளம் கொட்டிவிட்டார்கள். சங்கரம்மாளுக்கு வாதாட நேரமில்லை. "நல்லா இருங்கட்டி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். வாழ்த்துகிற மாதிரி அவள் அதைச் சொல்லவில்லை.

தாலி கட்டி முடிந்தது. பெனிட்டா மேடைக்குப் பக்கத்தில் தூணோரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். யாராவது கேட்பார்கள், யார் போட்டது என்று கேட்பார்கள், அப்பா காதில் விழும். கேட்டார்கள், கேட்காமல் என்ன? திருவேங்கடத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா கேட்டாள், "பொண்ணுக்கு மேக்கப் போடலியா?" பின்வரிசையில் ஒருத்தி, "இந்தக் காலத்துல இப்படி எளிமையா யாரு இருக்கா" என்று வியந்தாள். இன்னொருத்தி, பார்லர்காரி வராமல் ஏமாற்றிவிட்டாளாம் என்று கதையே கட்டிவிட்டாள்.

ஜெயசிங் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மென்றபடி வந்தார்.

"என்ன மக்கா, யாராவது கேட்டாவளா?"

"கேட்டாவப்பா."

"என்ன கேட்டாவ?"

"ஏன் மேக்கப் போடலன்னு கேட்டாவ."

ஜெயசிங்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகள் முகத்தைப் பார்த்ததும் வெற்றிலையோடு சேர்த்து அதையும் விழுங்கினார். "சரி விடு, நாளைக்குக் காலையில கடையத் தொறக்கையில பாத்துக்கிடுவோம்" என்றார். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. சரியாகச் செய்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? கொஞ்சம் பிசகியிருந்தால் இந்நேரம் மண்டபமே அவள் பேரைச் சொல்லியிருக்கும்.

மேடையில் லிங்கேஷ் மட்டும் செல்வியிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். போட்டோக்காரன் ஷாஜித் கேமராத் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கம்ப்யூட்டர்ல உக்காந்து கையை வெளுக்க வைக்கிற வேலை எனக்கு மிச்சமாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் சொல்லி என்ன? அவனா வந்து எனக்கு மேக்கப் போடு என்று கேட்கப் போகிறான்!

மாப்பிள்ளையின் தாயார் மேடையேறி மருமகளுக்குத் திருநீறு பூசினார். அவள் மோவாயைத் தொட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். பக்கத்தில் நின்ற சங்கரம்மாளிடம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "மதினி, நாங்க பொண்ணு பாக்க வந்தப்ப பாத்தது இந்தப் பிள்ளையத்தான். பிடிச்சிப்போயித்தான் சரின்னு சொன்னோம். நிச்சயத்தன்னைக்கு வேற யாரையோ கொண்டாந்து உக்கார வச்சிட்டீங்கன்னு பயந்துல்லா போயிட்டேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கரம்மாளும் சிரித்தாள். ஆனால் அவள் பார்வை மகளின் முகத்திலேயே நின்றது. அந்த முகத்தை இத்தனை வருஷத்தில் சரியாகப் பார்க்காதவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெனிட்டா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் மணப்பெண் அறைக்குப் போய்ப் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள். தட்டில் குழைத்த பூச்சு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை வழித்துப் போடப் பஞ்சை எடுத்தபோது கதவு திறந்தது. சங்கரம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

போச்சு, திட்டப்போகிறாள் என்று பெனிட்டா பின்னால் நகர்ந்தாள். சங்கரம்மாள் நேராக வந்து, செல்வி உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குடும்பப் போட்டோ எடுக்கப் போறாவளாம்."

"சரி அத்தை."

"அவ பக்கத்துல நான் நிக்கணும்." கண்ணாடியில் தன் மஞ்சள் முகத்தைப் பார்த்தாள். மேலே அப்பியிருந்த பவுடர் வேர்வையில் திட்டுத் திட்டாய் இருந்தது. "அவளுக்குப் போட்டியே, அதுல மிச்சம் கெடக்கா?"

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தாம்ட்டி. ஒன்னத்தான் கேக்கேன். போட்டுவிடுவியா, மாட்டியா?"

அடுத்த ஆள்! தானாக வந்து கேட்கிற அடுத்த ஆள்! கண்ணாடி எங்கே, நாற்காலி எங்கே என்பதெல்லாம் ஒரே நொடியில் பெனிட்டாவின் கண் முன்னால் வந்து போயிற்று. பஞ்சை நனைத்தாள். பவுடரைத் துடைத்தாள். மஞ்சளையும் முடிந்தவரை துடைத்தாள். இந்த முறை மறக்கவில்லை. சங்கரம்மாளின் கம்மலை ஒதுக்கி, காதை மடக்கிப் பின்னால் பார்த்தாள்.

"அத்தை, நீங்களும் செல்வியும் ஒரே நெறம்."

"போடி, பொய் சொல்லாத. நான் அவளவிடக் கறுப்புல்லா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? எங்கம்மா சொன்னா, எங்க மாமியா சொன்னா. அதுக்குத்தான இத்தன வருசமும் அரச்சி அரச்சித் தேய்க்கேன்." சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "அவளையும் யாரும் அப்படிச் சொல்லிரக் கூடாதேன்னுதான் நான் கெடந்து அடிச்சிக்கிட்டேன் மக்கா."

பெனிட்டா தட்டில் மிஞ்சியதைத் தொட்டுச் சங்கரம்மாளின் தாடையோரம் வைத்தாள். வைத்த இடம் தெரியவில்லை. கைக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். சங்கரம்மாள் காதோரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாடையைத் தொட்டாள். புறங்கையை உயர்த்தி, மகள் செய்த மாதிரியே, கன்னத்தோடு வைத்துப் பார்த்தாள்.

வெளியே முருகம்மாள் கதவைத் தட்டினாள். "எக்கா, போட்டோவுக்கு எல்லாரும் நிக்காவ! உள்ள என்ன செய்யிதீங்க?"

"நிக்கட்டும்! வாரேன்!" என்று சங்கரம்மாள் உள்ளிருந்தே சத்தம் போட்டாள். கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். பெனிட்டா பஞ்சைத் தொட்டு அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். சட்டென்று சங்கரம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"மக்கா."

"சொல்லுங்க அத்தை."

"ரெண்டு ஷேடு கூட்டிராத, என்னா?"